பதினேழு சதவீதம்

கருவியின் வாயில் ஒரு பிடி நெல்லைப் போட்டுப்
பட்டியல் எழுத்தர் படித்தார்: பத்தொன்பது புள்ளி நாலு.
பதினேழுக்கு மேல் ஈரம் ஆகாது.
காட்டுச்சேரி கொள்முதல் நிலையத்தில்
என் டோக்கன் நாற்பத்தாறு.
மூட்டைக்கு நாற்பது ரூபாய் வைத்தால்
தானே காயும் என்றும் ஒரு பேச்சு;
சொன்னவர் யாரென்று யாருக்கும் தெரியாது.

ஒன்பது ராத்திரி
குவியலோரம் சாக்கு விரித்துக் காவல் கிடந்தோம்.
இந்தப் பக்கம் மதலைமுத்து, அந்தப் பக்கம் தியோடர்,
வாய்க்கால் ஓரம் எல்கானா,
போன ஆடியில் முழுக்கு எடுத்த பையன்.
கொசு தூங்கவிடாத இடத்தில்
கடவுள் பேச்சு வராமல் இருக்காது.

"அக்கா, இன்னைக்கு ராத்திரி செத்தா
எங்க போவீங்க? நிச்சயம் இருக்கா?"

நிச்சயம் என்றால் எனக்குத்
தட்டும் பாக்கு வெற்றிலையும்தான் ஞாபகம்.
இருபத்து மூன்றில் ஒருமுறை ஆனது.
மாப்பிள்ளை வீட்டார் பிறகு வரவில்லை.
அதைச் சொல்லவில்லை.

மதலைமுத்து காலை நீட்டிக் காட்டினார்:
"பதினெட்டு வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்த காலு.
இதைக் கணக்குல சேக்காமலா விடுவாரு?"

"நடந்ததால அவர் உன்னைச் சேக்கல.
சேத்ததால நீ நடந்தே" என்றார் தியோடர்,
ஐந்து வருஷமாய் என் வரப்பைச்
சாண் சாணாய்த் தின்றவர்.

"அப்ப நடக்காதவன்?"

"விசுவாசம் இருந்தா காலு சும்மா இருக்காது."

"கொப்புளம் வராதவன் பேச்சு."

அவர்கள் கிரியை கிரியை என்றார்கள்.
எங்கள் பக்கத்துத் தெருவில் அந்தச் சொல்லைச்
செத்த பதினாறாம் நாளில்தான் எடுப்பார்கள்.
என் வீட்டுக்காரர் கோயில் படி மிதிக்காதவர்.
வெள்ளத்தில் மூன்று நாள்
நெஞ்சளவு தண்ணீரில் அடுத்த தெருவுக்குச்
சோற்றுப்பானை சுமந்தார்.
போனபோது மணி அடிக்கலாமா என்று
ஐயர் கொஞ்ச நேரம் யோசித்தார்.
அந்தக் கொஞ்ச நேரம்
இன்னும் என் காதில் அடிக்கிறது.

பத்தாம் ராத்திரி, மாசியில் பெய்யக் கூடாத மழை.
தரங்கம்பாடிப் பக்கமிருந்து உப்புக்காற்று.
தியோடர் காய்ச்சலோடு வீட்டுக்குப் போயிருந்தார்.
அவர் தார்ப்பாய் வாய்க்காலில் மிதந்து போயிற்று.
என் பாயின் பாதியை
அவர் குவியலுக்கு இழுத்தேன்.

அப்போது கடவுள் நினைவில்லை,
வரப்பு நினைவில்லை.
நெல் நனைகிறது, அவ்வளவுதான்.
ஓரத்தில் செங்கல்லை வைத்து அழுத்தும்போதுதான்
உள்ளே ஒருத்தி நிமிர்ந்து
பார்த்தாயா என்று மேலே கேட்டாள்.
அத்தோடு அது கெட்டுப்போயிற்று.

விடிந்ததும் கருவி: இருபத்தொன்று புள்ளி இரண்டு.
எட்டரைக்கு எழுத்தரின் போன் அடித்தது.
டெல்லியிலிருந்து தளர்வு,
இருபத்திரண்டு வரை ஈரம் இருக்கலாமாம்.

ஒன்பது நாள் காலால் துழாவித் துழாவிப்
பதினாறுக்குக் காய வைத்த மதலைமுத்து
தன் நெல்லைப் பார்த்தார், என்னுடையதைப் பார்த்தார்.
"அப்ப நான் எதுக்குக் காய வச்சேன்?"
எல்கானா வாயைத் திறந்தான்,
அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

தியோடர் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார்.
"உன் பாயா இது?"
"காத்து போட்டிருக்கும்."
வரப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும்.

நாற்பத்தாறு, என்று கூப்பிட்டார்கள்.
சிட்டாவில் இன்னும் அவர் பெயர்தான்.
"ஆளு வந்திருக்காரா?"
இல்லை என்றேன். இல்லாமல் போனார் என்று
சொல்ல வாய் வரவில்லை.
எழுத்தர் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்,
மேலிருந்து கீழே இறங்கியது விரல்,
நின்றது.
"பேரு இருக்கே. போதும்.
மூட்டையைத் தூக்கு."